ஸ்டுடியோ உருவப்படத்துக்கு முடியையும் முகத்தையும் தயார் செய்வது எப்படி: பத்து நாட்களுக்கு முன்பிருந்து கேமராவின் முன் அமரும் வரை

பணிக்கான உருவப்படம் எடுத்துக்கொள்ள வந்திருந்த ஒரு கல்லூரிப் பேராசிரியை, முதல் பத்துப் படங்களைக் கணினித் திரையில் பார்த்துவிட்டு, ஒப்பனை செய்பவளான என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, என் முகம் மட்டும் ஏன் சாம்பல் பூத்த மாதிரி இருக்கு? வீட்டுக் கண்ணாடியில நல்லாத்தானே இருந்துச்சு?" என்று கேட்டார். குளித்த கையோடு, நம் வீடுகளில் எல்லோரும் போடுகிற டால்கம் பவுடரைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். திரையில் அவருடைய கழுத்து நல்ல செம்பழுப்பாகவும், முகம் வெளிறியும், இரண்டும் வேறு வேறு ஆட்களுடையவை போலத் தெரிந்தன. முகத்தைக் கழுவித் துடைத்து, மாய்ஸ்சரைசரிலிருந்து மறுபடி தொடங்கினோம். நாற்பது நிமிடம் போயிற்று. அவருடைய உற்சாகமும் பாதி போயிற்று.

அந்த நாற்பது நிமிடம் யாருக்கும் வீணாகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். சென்னை போன்ற புழுக்கமான ஊரில், ஃபிளாஷ் விளக்குகள் உள்ள ஸ்டுடியோவில், மாநிறமோ கறுப்போ ஆன தோலுடையவர்கள் அலுவலகத்துக்காகவோ, நூலின் பின்னட்டைக்காகவோ, நடன நிகழ்ச்சி அழைப்பிதழுக்காகவோ தனிப் படம் எடுத்துக்கொள்ளும்போது செய்ய வேண்டியவற்றை, செய்ய வேண்டிய வரிசையில் இங்கே சொல்கிறேன். கல்யாண ஒப்பனைக்கு இது பொருந்தாது. அது மேடை வெளிச்சத்தில் பத்தடி தள்ளி நிற்பவர்களுக்காகச் செய்யப்படுவது. உருவப்படத்துக்கான ஒப்பனைக்கு இரண்டே வேலைகள்தான் உள்ளன. தோலின் மினுமினுப்பைக் கட்டுக்குள் வைப்பது ஒன்று. முகத்தின் நிறத்தைக் கழுத்தின் நிறத்தோடு ஒன்றாகச் சேர்ப்பது மற்றொன்று. நிறத்தை வெளுப்பாக்குவது அதன் வேலை அல்ல. அப்படிச் செய்து எடுத்த எந்தப் படமும், அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு உங்களை நேரில் சந்திக்க வருபவருக்கு வேறொருவரைத்தான் அறிமுகப்படுத்தும்.

முதலில் ஒளியை விசாரியுங்கள்

நேரம் குறித்தவுடன் புகைப்படக்காரரிடம் மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்: ஃபிளாஷில் எடுக்கப்போகிறாரா, தொடர்ந்து எரியும் எல்இடி விளக்கிலா, ஜன்னல் ஒளியிலா, பின்னணித் திரை என்ன நிறம், படம் தோள்வரை மட்டுமா, இடுப்புவரையா. இடுப்புவரை என்றால் கைகள் தெரியும், நகங்களையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பின்னணி கறுப்பு என்றால் கருமுடி அதில் கரைந்து, தலையின் வடிவமே தெரியாமல் போகும். முடிக்கென்று பின்னாலிருந்து ஒரு விளக்கு வைப்பாரா என்று கேளுங்கள். அப்படி வைத்தால், சிலும்பி நிற்கும் ஒவ்வொரு முடியும் அந்த ஒளியில் கம்பி போல மின்னும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வீட்டு வெளிச்சமும் ஸ்டுடியோ வெளிச்சமும் ஒரே நிறத்தவை அல்ல. ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்னும் அலகில் சொல்வார்கள்; எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம் கலந்த வெள்ளை. மஞ்சள் ஒளி தரும் வீட்டு பல்பு 2700 முதல் 3000 கெல்வின் வரையிலும், வெள்ளை டியூப்லைட் பெரும்பாலும் 6500 கெல்வினிலும் இருக்கும். ஸ்டுடியோ ஃபிளாஷ் நண்பகல் வெயிலை ஒட்டி 5500 கெல்வின் அளவில் இருக்கும். மஞ்சள் பல்பின் கீழ் பொருத்தமாகத் தெரிந்த ஃபவுண்டேஷன் (முகம் முழுக்கப் போடும் தோல்நிறப் பூச்சு) ஃபிளாஷில் ரோஸ் நிறமாகத் தெரிவதும், டியூப்லைட்டின் கீழ் அளவாகத் தெரிந்த கன்னச் சிவப்பு படத்தில் அப்பியது போல் தெரிவதும் இதனால்தான். எனவே, வாங்கும்போதும் சரி, போடும்போதும் சரி, பகலில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து செய்யுங்கள். வெயில் நேராக விழாத ஜன்னல் மிக நல்லது.

பத்து நாட்களுக்கு முன்பிருந்து

முடி வெட்டுவதானால் 7 முதல் 10 நாட்களுக்கு முன்பு வெட்டிக்கொள்ளுங்கள். புதிதாக வெட்டிய முனைகள் கொஞ்சம் விறைப்பாகவே நிற்கும்; ஒரு வாரத்தில் படிந்துவிடும். சாயம் போடுபவர்களும் இதே நாட்களில் போட்டுவிட வேண்டும். தலைத்தோலிலும் நெற்றியோரத்திலும் ஒட்டிய கறை போக இரண்டு மூன்று முறையாவது தலைக்குக் குளிக்க வேண்டியிருக்கும். கறுப்புச் சாயங்கள் பலவற்றில் உள்ள பிபிடி என்னும் பாராஃபெனிலின்டையமின் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும். முகமும் கண்ணிமையும் வீங்கிவிடும். ஆகவே புதிய சாயம் என்றால் காதுக்குப் பின்னால் சிறிது தடவி 48 மணி நேரம் பார்த்துவிட்டே தலையில் போடுங்கள். நரையை அப்படியே வைத்திருப்பவர்கள் படத்துக்காக அதை மறைக்க வேண்டியதில்லை. வெள்ளி முடி ஃபிளாஷில் மிக அழகாக ஒளியை வாங்கும். அரைகுறையாகச் சாயம் போய், வகிட்டில் மட்டும் விரல் அகலத்துக்கு வெள்ளைக் கோடு தெரிவதுதான் படத்தைக் கெடுக்கும்.

இதுவரை ஃபேஷியல் செய்துகொள்ளாதவர்கள் இந்த வாரத்தில் முதன்முறையாகச் செய்துகொள்ள வேண்டாம். பழக்கமானவர்கள் ஒரு வாரத்துக்கு முன்பே முடித்துக்கொள்ளலாம். முகத்துக்கு பிளீச் செய்வதை நான் யாருக்கும் சொல்வதில்லை. தோல் தன் நிறத்திலேயே இருக்க, மேலுள்ள பூனைமுடி மட்டும் பொன்னிறமாக மாறி, பக்கவாட்டு விளக்கில் கன்னம் முழுக்கப் பஞ்சு ஒட்டியது போல் தெரியும். புருவத்துக்கு த்ரெடிங், மேலுதட்டுக்கு வாக்ஸிங் ஆகியவற்றை மூன்று நான்கு நாட்களுக்கு முன்பு செய்துகொண்டால் சிவப்பும் சிறு கொப்புளங்களும் அடங்கிவிடும். ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வகைப் பொருள்), தோலுரிக்கும் அமிலங்கள் கலந்த க்ரீம்களைப் பயன்படுத்துபவர்கள் வாக்ஸிங் செய்யும் இடத்தில் அவற்றைச் சில நாட்கள் முன்பே நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் மெழுகோடு தோலும் உரிந்து வரும்.

மஞ்சள் தேய்த்துக் குளிப்பவர்கள் குறைந்தது மூன்று நாட்களுக்கு முன்பு முகத்துக்கு மட்டும் அதை நிறுத்துங்கள். கண்ணுக்கு இதமாகத் தெரியும் அந்த இளமஞ்சள், கேமராவில் காமாலை போலப் பதியும். அதன்மேல் போடும் ஃபவுண்டேஷனின் நிறமும் மாறிவிடும்.

பருவைக் கிள்ளாதீர்கள். இதற்குக் காரணம் உண்டு. ஒப்பனையால் நிறத்தை மறைக்க முடியும்; மேடு பள்ளத்தை மறைக்க முடியாது. சிவந்த பருவின் நிறத்தைக் கன்சீலர் என்னும் கறை மறைக்கும் பூச்சு மூடிவிடும், மீதியைப் புகைப்படக்காரர் கணினியில் சில நொடிகளில் எடுத்துவிடுவார். கிள்ளிய இடத்தில் பொருக்கு கட்டிவிட்டாலோ, எந்தப் பூச்சும் அதில் திட்டுத் திட்டாகவே ஒட்டும்.

முந்தைய நாள்

தலைக்கு எண்ணெய் வைக்கும் பழக்கமுள்ளவர்கள் இரண்டு நாட்களுக்கு முன்பே வைத்து, முந்தைய நாள் காலையிலோ மாலையிலோ அலசிவிடுங்கள். படப்பிடிப்பு நாளன்று காலையில் தலைக்குக் குளித்தால் முடி வழுக்கும். ஊசி நிற்காது, கொண்டை இறங்கும், குட்டி முடிகள் பறக்கும். ஒரு நாள் ஆன முடிக்குத்தான் பிடிப்பு இருக்கும். எளிதில் எண்ணெய் வழியும் தலை உள்ளவர்கள் மட்டும் இதற்கு விதிவிலக்கு. அவர்கள் அன்று காலையில் குளிக்கலாம், ஆனால் கண்டிஷனரைக் காதுக்குக் கீழே உள்ள முடிக்கு மட்டும் போட வேண்டும். சீயக்காய் தேய்த்தால் வகிட்டில் ஒரு துகளும் தங்காமல் அலசுங்கள்; மிச்சமிருப்பது படத்தில் பொடுகாகத் தெரியும்.

அன்றிரவு உப்பு மிகுந்தவற்றைத் தவிருங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு, பாக்கெட் சிப்ஸ் சாப்பிட்டுப் படுத்தால் காலையில் இமைகள் வீங்கியிருக்கும். உதட்டில் வாசலினைத் தடவிக்கொண்டு தூங்கி, காலையில் ஈரத் துணியால் மெதுவாகத் தேய்த்தால் உரிந்த தோல் வந்துவிடும். உரிந்த உதட்டில் லிப்ஸ்டிக் விரிசல் விட்ட சுவர் மாதிரி நிற்கும். முன்பக்கம் பொத்தான் உள்ள சட்டையோ மேலங்கியோ எடுத்து வையுங்கள். ஒப்பனைக்குப் பிறகு தலை வழியாக உடை மாற்றினால், முடி கலைவதோடு கழுத்துப்பட்டையில் முகம் பதிந்துவிடும். புடவை என்றால் ரவிக்கையும் பாவாடையும் அணிந்துகொண்டு, தோளில் ஒரு துண்டைப் போர்த்தி ஒப்பனையை முடித்துவிட்டு, பிறகு புடவை கட்டுவது நல்லது.

அன்று காலை: முடி முதலில், முகம் பிறகு

பலரும் முகத்தை முடித்துவிட்டுக் கடைசியில் முடிக்கு வருகிறார்கள். நம் ஊரில் அது தவறான வரிசை. டிரையரும் ஸ்ட்ரெய்ட்னரும் தரும் சூட்டில் நெற்றி வியர்த்து, போட்டதெல்லாம் வழிந்துவிடும். முடியை முதலில் முடியுங்கள். பிறகு பத்து நிமிடம் மின்விசிறியின் கீழ் உட்கார்ந்து, உடல் குளிர்ந்த பிறகு முகத்தைத் தொடுங்கள்.

முடி முற்றிலும் காய்ந்திருக்க வேண்டும். ஈர முடியில் சூடான தகடு பட்டால், உள்ளே உள்ள நீர் ஆவியாகி முடியையே பிளந்துவிடும். சூட்டிலிருந்து காக்கும் ஸ்ப்ரேயையோ சீரத்தையோ பட்டாணி அளவு உள்ளங்கையில் தேய்த்து, காதுக்குக் கீழிருந்து நுனிவரை தடவுங்கள்; உச்சியில் தடவினால் ஃபிளாஷில் எண்ணெய் வழிவதாகத் தெரியும். சாதாரண முடிக்கு 180 டிகிரி செல்சியஸ் போதும். மெல்லிய முடிக்கும் சாயமேற்றிய முடிக்கும் 150 டிகிரியைத் தாண்ட வேண்டாம். சுருட்டை முடியுள்ளவர்கள் படத்துக்காக நேராக்கிக்கொள்வதை நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அன்றாடம் உங்களைப் பார்ப்பவர்களுக்கு அந்தச் சுருளில்தான் உங்கள் முகம் இருக்கிறது. ஒவ்வொரு சுருளையும் கொஞ்சம் ஜெல் தொட்டு விரலில் சுற்றிவிட்டால், நேராக்கிய முடியைவிட அது ஒழுங்காக நிற்கும்.

வகிட்டை இடம் மாற்றாதீர்கள். பல வருடம் ஒரே இடத்தில் பழகிய முடி, புது வகிட்டில் ஒரு மணி நேரம்கூடப் படியாது. பழைய வகிடு அகன்று, தலைத்தோல் வெளிச்சமாகத் தெரிந்தால், முடியின் நிறத்தில் உள்ள பளபளப்பில்லாத ஐஷேடோவைத் தட்டையான பிரஷில் எடுத்து வகிட்டின் மேல் ஒற்றி ஒற்றி வையுங்கள். நெற்றியின் இரு பக்கமும் முடி கொட்டிய இடத்துக்கும் இதுவே வழி.

பின்னால் இழுத்துக் கட்டிய முடி, நேரே எடுக்கும் படத்தில் முடியே இல்லாதது போலத் தெரியும். நீண்ட பின்னல் உள்ளவர்கள் படத்தைப் பார்த்து ஏமாறுவது இதனால்தான். பின்னலை ஒரு தோளின் முன்னால் எடுத்துவிடுங்கள். அல்லது காதுக்கு மேல் இருபுறமும் சற்றுத் தளர்த்தி, உச்சியில் உள்முடியைச் சீப்பால் பின்னோக்கி வாரி விரலளவு உயரம் கொடுங்கள். நெற்றியோரக் குட்டி முடிகளுக்கு, ஒரு பழைய டூத்பிரஷில் ஹேர் ஸ்ப்ரே அடித்து, அந்த பிரஷால் மெதுவாக வருடினால் போதும். ஸ்ப்ரேயை நேரடியாகத் தலையில் அடித்தால் முடி கண்ணாடி போல் விறைத்து மின்னும். ஹிஜாப் அணிபவர்கள் உள்தொப்பியின் விளிம்பு நெற்றியில் தெரியாமல் பார்த்துக்கொண்டு, மினுக்காத துணியைத் தேர்ந்து, மடிப்பு தெரியாமல் இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தால் பெரிய வேலை முடிந்தது.

முகம்

கழுவிய முகத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத மாய்ஸ்சரைசரைத் தடவி, பத்து நிமிடம் விடுங்கள். அது உள்ளே போகும் முன் மேலே எதைப் போட்டாலும் உருண்டு வரும்.

சன்ஸ்கிரீன் விஷயத்தில் நானே ஒருமுறை தவறியிருக்கிறேன். வேலை கற்றுக்கொண்ட நாட்களில், நல்லது செய்வதாக நினைத்து, அடர்த்தியான சன்ஸ்கிரீனின் மேல் ஃபவுண்டேஷன் போட்டேன். நேரில் குறையே இல்லை. ஃபிளாஷ் அடித்ததும் அந்தப் பெண்ணின் முகம் மட்டும் சுண்ணாம்பு அடித்தது போல் ஆயிற்று. பல சன்ஸ்கிரீன்களில் உள்ள துத்தநாக ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும் ஒளியைத் திருப்பி அனுப்பும் வெண்மையான தாதுக்கள். நேர் எதிரிலிருந்து வரும் ஃபிளாஷை அவை அப்படியே கேமராவுக்குத் திருப்பிவிடுகின்றன. நிறமற்றது என்று விற்கப்படும் சிலிக்கா பவுடரும் இதையே செய்யும். ஆகவே ஸ்டுடியோவுக்குள் ஃபிளாஷில் எடுக்கும் படத்துக்கு இவை வேண்டாம். வெளியில் வெயிலில் எடுக்கும் படத்துக்குச் சன்ஸ்கிரீன் கட்டாயம். அங்கே ஃபிளாஷ் இல்லாததால் தொல்லையும் இல்லை. ஐயம் இருந்தால் வீட்டிலேயே சோதித்துவிடலாம்: ஒப்பனை முடிந்ததும் அறையை இருட்டாக்கி, ஒரு கை தூரத்தில் கைபேசியின் ஃபிளாஷை அடித்துப் படம் எடுத்துப் பாருங்கள். வெளுப்பு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

ஃபவுண்டேஷனின் நிறத்தை மணிக்கட்டில் தேய்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. மணிக்கட்டின் உள்பக்கம் வெயில் படாத இடம். அது முகத்தைவிட எப்போதும் வெளுப்பு. தாடையெலும்பிலிருந்து கழுத்துக்கு இறங்கும் இடத்தில், மூன்று நிறங்களை மூன்று கோடுகளாகப் போட்டுக்கொண்டு கடைக்கு வெளியே பகல் வெளிச்சத்துக்கு வாருங்கள். பதினைந்து நிமிடம் பொறுங்கள்; சில ஃபவுண்டேஷன்கள் காற்றுப் பட்டதும் ஒரு படி கறுக்கும். எந்தக் கோடு காணாமல் போகிறதோ அதுதான் உங்கள் நிறம். இரண்டுக்கு நடுவில் தடுமாறினால் அடர்ந்ததையே எடுங்கள். கடைக்காரர் "ஒரு ஷேட் லைட்டா எடுத்துக்கோங்க மேடம், பிரைட்டா இருக்கும்" என்று சொல்வார். தயவுசெய்து கேட்காதீர்கள். நம் தோலின் அடிநிறம் பெரும்பாலும் மஞ்சளோ செம்மண்ணோ கலந்தது. ரோஸ் அடிநிறம் கொண்ட பூச்சு அதன்மேல் சாம்பலாகத்தான் மாறும்.

இங்கே ஒரு பழைய கதையையும் சொல்ல வேண்டும். நம் ஊர் ஸ்டுடியோக்களில் நிலைக்கண்ணாடி, சீப்பு, பவுடர் டப்பா மூன்றும் ஒன்றாக இருந்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் பலர். விளக்குச் சூட்டில் வழியும் வியர்வையின் பளபளப்பை அடக்க அந்தப் பவுடர் அன்று உதவியது. அதே காலத்தில், வண்ணப் படங்களை அச்சிடும் கூடங்களில் நிறத்தைச் சரிபார்க்கப் பல பத்தாண்டுகள் பயன்பட்ட கோடாக்கின் ‘ஷெர்லி அட்டை’யில் இருந்தது வெள்ளைத் தோல் பெண்ணின் படம். அந்த அளவுகோலுக்கு அச்சிட்ட படங்களில் கருந்தோல் விவரம் இழந்து மங்கியது. இன்றைய டிஜிட்டல் கேமராவும் சரியான ஒளியளவும் இருந்தால் கறுப்பும் மாநிறமும் அத்தனை சாயல்களோடும் பதிகின்றன. குறை தோலில் இருந்ததில்லை. இதை என் நாற்காலியில் உட்காரும் ஒவ்வொரு இளம்பெண்ணிடமும் சொல்ல வேண்டும் என்று தோன்றும்.

சரி, போடும் முறைக்கு வருவோம். நம்மில் பலருக்கு நெற்றியும் வாயைச் சுற்றிய இடமும் அடர்ந்தும், கன்னம் சற்று வெளுத்தும் இருக்கும். கன்னத்தின் நிறத்தை முகம் முழுக்கப் பரப்பாதீர்கள். கழுத்தோடு சேரும் நிறத்தை நடுவாக வைத்துக்கொண்டு, அடர்ந்த இடத்தை அதன் அருகே கொண்டுவந்தால் போதும். கருவளையம், வாயோரக் கருமை, மங்கு ஆகியவற்றுக்கு முதலில் கரெக்டர் என்னும் நிறம் திருத்தும் பூச்சு வேண்டும். அடர்ந்த தோலுக்கு ஆரஞ்சு, மாநிறத்துக்குப் பீச் நிறம். கண்ணுக்குக் கீழுள்ள கருமையில் நீலச் சாயல் இருப்பதால் ஆரஞ்சு அதை அடித்துவிடும்; கரெக்டர் இல்லாமல் நேரடியாகத் தோல்நிறக் கன்சீலரை வைத்தால் அந்த இடம் சாம்பலாகும். கரெக்டரை மோதிர விரலால், கருமை உள்ள இடத்தில் மட்டும், தோல் தெரியும் அளவுக்கு மெல்லியதாக ஒற்றுங்கள்.

அதன்மேல் ஃபவுண்டேஷன். மொத்த முகத்துக்கும் இரண்டு பட்டாணி அளவு போதுமானது. ஈரமாக்கிப் பிழிந்த ஸ்பான்ஜில் எடுத்து, மூக்கின் பக்கங்களிலிருந்து வெளியே நோக்கி ஒற்றிக்கொண்டு போங்கள். தேய்த்தால் கோடு விழும். தாடைக்குக் கீழும் காதுமடலிலும் மிச்சத்தை ஒற்றுங்கள். காது பெரும்பாலும் மறந்துபோகும்; படத்தில் முகம் ஒரு நிறமும் காது ஒரு நிறமுமாக நிற்கும். கன்சீலர் ஃபவுண்டேஷனின் நிறத்திலேயே இருக்க வேண்டும். கண்ணுக்குக் கீழே வெளுப்பான கன்சீலரை முக்கோணமாகப் போடும் வழக்கம் கைபேசி வீடியோக்களில் பரவியிருக்கிறது. ஃபிளாஷில் அது வெயிலில் கூலிங் கிளாஸ் போட்டுச் சுற்றிய தடம் போலத் தெரியும்.

பவுடரைத் தோல்நிறக் காம்பாக்ட்டாக எடுத்துக்கொண்டு, நெற்றியின் நடு, மூக்கின் பக்கம், மேலுதட்டுக்கு மேல், முகவாய் ஆகிய இடங்களில் மட்டும் பஃப்பால் அழுத்தி எடுங்கள். கன்னத்தில் இயல்பான ஒளி கொஞ்சம் இருக்கட்டும். முழு முகமும் மங்கலாகிவிட்டால் படம் களிமண் பொம்மை போலாகும். கன்னச் சிவப்புக்குச் செங்கல் நிறமோ மாதுளை நிறமோ நம் தோலில் நன்றாக ஒன்றும், இளரோஸ் சாம்பலாகும். ஸ்டுடியோ ஒளி நிறங்களை ஒரு படி குறைத்துக் காட்டும் என்பதால், பகல் ஒளியில் கண்ணாடி பார்க்கும்போது ‘கொஞ்சம் கூடிவிட்டதோ’ என்று தோன்றும் அளவே சரியானது. மினுமினுக்கும் பொடி எதுவும் வேண்டாம். அதன் ஒவ்வொரு துகளும் படத்தில் வியர்வைத் துளியாகப் பதியும்.

கண், புருவம், உதடு

புருவத்தைக் கருமையாக வரைவதைவிட, கரும்பழுப்புப் பென்சிலால் முடி முடியாக, இடைவெளி உள்ள இடத்தில் மட்டும் நிரப்புங்கள். உள்முனை சற்று மங்கலாக இருந்தால்தான் பார்வையில் கடுமை வராது. கீழிமையின் உள்விளிம்பில் மை தீட்டும் பழக்கம் நமக்குப் பிள்ளைப் பருவத்திலிருந்தே உண்டு. ஆனால் அடர்த்தியாகத் தீட்டினால் படத்தில் கண் சிறுத்துவிடும், அரை மணியில் கீழே வழிந்து கருவளையத்தோடு சேர்ந்தும்விடும். மேலிமையின் முடி வேரில் மையை நெருக்கமாக வைத்து, கீழே வெளிமூலையிலிருந்து பாதிவரை மட்டும் மெல்லியதாக இழுங்கள். அதன்மேல் அதே நிற ஐஷேடோவை ஒற்றினால் வழியாது. மை, மஸ்காரா இரண்டையும் யாரிடமும் இரவல் வாங்காதீர்கள்; மெட்ராஸ் ஐ போன்ற தொற்றுகள் கைமாறும் வழிகளில் அதுவும் ஒன்று.

மேலுதடு கறுப்பாகவும் கீழுதடு சிவப்பாகவும் இருப்பவர்கள், ஸ்பான்ஜில் மிஞ்சிய ஃபவுண்டேஷனை மேலுதட்டில் ஒற்றிவிட்டு லிப்ஸ்டிக் போட்டால் இரண்டும் ஒரே நிறமாகும். அலுவலகப் படத்துக்குச் செங்கல், அரக்கு, பழுப்பு கலந்த ரோஸ் ஆகியவை எல்லோருக்கும் பொருந்துவதைப் பார்த்திருக்கிறேன். போட்டுவிட்டு டிஷ்யூவைக் கவ்வி எடுத்து, மறுபடி ஒரு பூச்சு கொடுங்கள். பிறகு பல்லைப் பாருங்கள்.

நாள்தோறும் மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் படத்திலும் அணியுங்கள். அது இல்லாமல் எடுப்பதானால், நாற்காலியில் உட்காருவதற்கு அரை மணி முன்பே கழற்றி வைத்தால்தான் மூக்கில் விழுந்த பள்ளம் மறையும். வெயிலில் கறுக்கும் கண்ணாடி என்றால் வெளிப்புறப் படத்துக்கு அது உதவாது, வேறொன்று கொண்டுவாருங்கள்.

பொட்டு, விபூதி, பூ

கல் பதித்த ஸ்டிக்கர் பொட்டு ஃபிளாஷில் வெள்ளைப் புள்ளியாக எரியும். வெல்வெட் பொட்டு நல்லது. குங்குமம் இடுபவர்கள் மூக்கின் மேல் டிஷ்யூவைப் பிடித்துக்கொண்டு கடைசியில் இடுங்கள்; உதிர்ந்த தூளைத் துடைத்தால் ஃபவுண்டேஷனில் சிவப்பு இழுபடும், ஊதிவிடுவதே சரி. விபூதியை உலர்ந்த பொடியாக இட்டால் புருவத்தில் கொட்டும்; நீரில் குழைத்து, ஒப்பனை படிந்த பிறகு இட்டால் கோடுகள் தெளிவாக நிற்கும். மூக்குத்தியின் கல் ஒரு கோணத்தில் மட்டும் எரியும். தலையை இம்மியளவு திருப்பினால் போதும் என்பதைப் புகைப்படக்காரர் அறிவார். மல்லிகையை வாழையிலையிலோ ஈரத் துணியிலோ சுற்றிக் கொண்டுவந்து, கடைசி நிமிடத்தில் வையுங்கள். நேர்ப்படத்தில் பின்கொண்டைப் பூ தெரியாது. தோளுக்கு முன் ஒரு சரம் இறங்கினால்தான் தெரியும்.

ஆண்களுக்கு

ஆண்கள் தங்களுக்கு இதெல்லாம் வேண்டாம் என்று நினைத்து வருகிறார்கள். முதல் படத்திலேயே நெற்றி மின்னும். மாய்ஸ்சரைசர், கண்ணுக்குக் கீழே கொஞ்சம் கரெக்டர், நெற்றிக்கும் மூக்குக்கும் தோல்நிறக் காம்பாக்ட் போதும். வழுக்கைத் தலைக்கும் அதே காம்பாக்ட் உச்சிவரை போக வேண்டும். சவரத்துக்குப் பின் தோல் தடிப்பவர்கள் முந்தைய மாலையிலும், மற்றவர்கள் அன்று காலை இரண்டு மணி நேரம் முன்பாகவும் சவரம் செய்துகொள்ளலாம். தாடி வைத்திருப்பவர்கள் முந்தைய நாள் கழுத்துக்கோட்டைச் சீராக்கி, கன்னத்தில் தனித்து வளரும் முடிகளை எடுத்துவிடுங்கள். மூக்குமுடி, காதுமுடி இரண்டையும் மறக்க வேண்டாம்.

நாற்காலியில் அமர்ந்த பிறகு

முதல் மூன்று படங்களைச் சோதனைப் படங்களாக எடுக்கச் சொல்லி, திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். முகத்தையும் கழுத்தையும் ஒப்பிடுங்கள். பிறகு காது, பல், கண்ணோர மை, தோளில் விழுந்த முடி. திருத்த வேண்டியதை அப்போதே திருத்திவிட்டால், மீதி நேரம் முழுவதும் உங்கள் முகபாவத்துக்கே கிடைக்கும். இடையில் மினுமினுப்பு வந்தால் உடனே பவுடரைத் தொடாதீர்கள். டிஷ்யூவை ஒற்றை ஏடாகப் பிரித்து, மூக்கின் மேல் வைத்து விரலால் அழுத்தி எடுங்கள். எண்ணெய் வட்டமாக அதில் ஊறி வரும். அதற்குப் பிறகுதான் பவுடர். எண்ணெயின் மேல் பவுடர் போட்டால் மாவு பிசைந்தது போல் திரளும்.

கிளம்புவதற்கு முன், படத்தைக் கணினியில் திருத்துபவரிடம் இரண்டு விஷயங்களைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: பருவை எடுக்கலாம், ஆனால் மச்சத்தையும் தழும்பையும் கேட்காமல் எடுக்கக் கூடாது; தோலின் நிறத்தை ஒரு படிகூட ஏற்றக் கூடாது. கேட்காவிட்டாலும் வெளுப்பாக்கித் தருவதை உபகாரம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும், நீரில் கரையாத மைக்கும் மஸ்காராவுக்கும் சோப்பைத் தேய்க்காதீர்கள். பஞ்சில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, மூடிய இமையின் மேல் அரை நிமிடம் வைத்திருந்து, கண்ணுக்குள் போகாமல் கீழ்நோக்கி ஒருமுறை துடையுங்கள். கருமை முழுவதும் பஞ்சோடு வந்துவிடும். அதன்பிறகு முகம் கழுவி, மாய்ஸ்சரைசர் தடவிக்கொண்டு படுங்கள். முடியில் ஸ்ப்ரே இருந்தால், நாளைக் காலை தலைக்குக் குளிக்கும்வரை சீப்பு போட வேண்டாம்.